மகளுக்கு: நம் வீட்டுத் திருமணங்களின் பட்டியல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் டி.என்.ஏ. சோதனையில் ஒத்துப்போன உறவுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டும் வண்ணப் படத்தை அனுப்பினாயே, அதைப் பெரிதாக அச்செடுத்துப் பார்த்தேன். எல்லாரையும் ஒரே சிவப்புக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டதால் மென்பொருளில் ஏதோ கோளாறு என்று எழுதியிருக்கிறாய். கோளாறு எதுவும் இல்லை. அதற்கு நம் குடும்பத்தைத் தெரியாது, அவ்வளவுதான்.

2018-இல் டேனா லீட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு எளிய வழியைச் சொன்னார். உன்னோடு 90 முதல் 400 சென்டிமார்கன் (பொதுவாக உள்ள டி.என்.ஏ.வை அளக்கும் அலகு) வரை டி.என்.ஏ. ஒத்துப்போகிறவர்களை வரிசையாக எழுது. அவர்களுக்குள் யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்து, கூட்டத்துக்கு ஒரு வண்ணம் தீட்டு. நான்கு வண்ணங்கள் தேறினால் அவை நான்கு தாத்தா பாட்டிகளின் வழிகள். இந்தக் கைவேலையைத்தான் ‘ஆட்டோகிளஸ்டர்’ போன்ற கருவிகள் நொடியில் செய்கின்றன. நான்கு பேரும் நான்கு வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை இது. நம் வீட்டில் அது எப்படிப் பலிக்கும்?

நான் அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். உன் அப்பாவைப் பெற்ற பாட்டியும் என் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். ஆகவே உனக்குக் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி என்று எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். என் அம்மாவின் வீட்டிலோ இரண்டு தலைமுறையாக அக்காள் மகளையே கட்டியிருக்கிறார்கள். கருவி உன் அப்பா பக்கம், என் பக்கம் என்று பிரிக்கப் பார்க்கிறது. பிரிப்பதற்கு அங்கே இரண்டு பக்கம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நெருங்கிய உறவில் மணக்காத குடும்பங்களிலும் நம் நாட்டில் பெண் கொடுத்து எடுத்தது ஒரே வட்டத்துக்குள்தான். ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும் உடன் உழைத்தவர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியக் குழுக்களிடையே பரவலான கலப்பு சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிற்று. அதனால் 15, 20 சென்டிமார்கன் ஒத்துப்போகிற எவரும் சொந்தமாகத்தான் தெரிவார். எந்தத் தலைமுறைச் சொந்தம் என்பது தெரியாது. கீழ் எல்லையை 40-க்கு உயர்த்திவிட்டுக் கருவியை மறுபடி ஓட்டு என்று போன மாதம் சொன்னது இதற்காகத்தான்.

ஓட்டியதும் ஓரமாக ஒரு சிறிய மஞ்சள் கூட்டம் தனியே வந்ததே, டர்பன் நகரத்துக்காரர்கள், அதைப் பார்த்ததும் எனக்கு உறக்கம் போய்விட்டது. என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் சிற்றப்பா ஒருவர் டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர், திரும்பவே இல்லை என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். போன இடத்தில் வேறு மாவட்டம், வேறு மொழிக்காரர்களோடும் சம்பந்தம் செய்துகொண்டார்கள். அவர்களுக்கும் நமக்கும் உள்ள இழை ஒன்றே ஒன்றாக இருப்பதால்தான் அந்தக் கூட்டம் பிரிந்து நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அதில் 58 சென்டிமார்கன் ஒத்துப்போகும் அந்த அம்மாவை உன் தலைமுறை உறவாகச் சோதனை நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நான் எண்ணுகிறபடி அவர் அந்தச் சிற்றப்பாவின் கொள்ளுப்பேத்தி என்றால் என் தலைமுறை. உனக்குச் சித்தி முறையோ அத்தை முறையோ ஆவார். அந்த முன்னோர்களின் டி.என்.ஏ. உனக்கு என் வழியாகவும் வந்திருக்கிறது, உன் அப்பா வழியாகவும் வந்திருக்கிறது. அதனால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி, உறவு ஒரு படி நெருக்கமாகத் தோன்றுகிறது. கல்லூரியில் மரபியல் நடத்திய காலத்தில் இதை ஏட்டுக் கணக்காகத்தான் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன்.

அந்த அம்மாவுக்கு இப்போதே ஊர்ப் பெயரை எழுதிவிடாதே. அவர்கள் தலைமுறைகளாகத் தேடுகிற ஊர் அது. தவறான ஊரைச் சொல்லி, அவர்கள் விமானமேறி வந்து வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்கும்படி ஆகக் கூடாது. அவருடைய முன்னோரின் கூலி எண், அதாவது ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண், வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேள். எண் இருந்தால் நேட்டால் கப்பல் பதிவேட்டில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் வரை பார்க்கலாம்.

சித்திரையில் மாமா டொரண்டோ வரும்போது ஒய் குரோமோசோம் சோதனை செய்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் இறங்குவது. பெண் எங்கிருந்து எடுத்தாலும் குழம்பாது. அந்த அம்மாவுக்கு அண்ணனோ தம்பியோ இருந்து, அவர்களும் மகன் வழியாகவே வந்தவர்கள் என்றால் அவரையும் மாமாவையும் ஒப்பிடலாம். பங்காளிகளா, மாமன் மச்சான் வழியா என்பது தெரிந்துவிடும். பங்காளியில் அண்ணன் தம்பியா, தூரத்துப் பங்காளியா என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

நம் வீட்டில் யார் யாரைக் கட்டினார்கள் என்று எனக்கும் உன் பெரியப்பாவுக்கும் நினைவிருக்கிற அத்தனையும் இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். பெண் எந்த ஊர், என்ன முறை என்பதையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன். சிவப்புக் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும் இதோடு வைத்துப் பார். தெரியாதவர்களைத் தனியாக எழுதி அனுப்பு, ஊரில் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா