அந்த எஸ்தோனியா கம்பெனியைக் கொஞ்சம் நிறுத்தி வை

அன்புள்ள கயல்,

உன் மெயில் வந்து பதினொரு நாள் ஆகிவிட்டது, திட்டிக்கொண்டே படி. இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அம்மா போன வாரம்தான் சிவகாசி திரும்பினார். வார்டன் அக்காவிடம் பேசினேன், ‘அந்தப் பொண்ணு இன்னும் வெந்நீர் திருடுதா’ என்றுதான் முதலில் கேட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வேலையை விட்டுவிட்டு அயர்லாந்தில் இருக்கும் டப்ளின் கம்பெனிக்காரர்களுக்கு கான்ட்ராக்டில் செய்யப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷத்தில் சமையலறையில் கத்தியே விட்டேன். ஆனால் அடுத்த பத்தியைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எஸ்தோனியாவில் கம்பெனி ஆரம்பித்து லாபத்தை அதிலேயே விட்டுவைத்தால் வரியே கிடையாது என்று உன் ஆபீஸ் நண்பர் சொன்னாராம், நீயும் உடனே அந்த நாட்டு இ-ரெசிடென்ஸி அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டாயாம்!

அவர் சொன்னதில் பாதி நிஜம். 2014 டிசம்பரிலிருந்து எஸ்தோனியா வெளிநாட்டவருக்கு இ-ரெசிடென்ஸி அட்டை, அதாவது இணைய வழி அடையாள அட்டை, தருகிறது. அதை வைத்து ம்யூனிக்கில் உன் சோபாவில் உட்கார்ந்தபடியே அங்கே கம்பெனி பதியலாம், லாபத்தை வெளியே எடுக்காதவரை அந்த நாடு வரி கேட்பதில்லை. அவர் விட்டுவிட்ட மீதிப் பாதிதான் உன்னைக் கடிக்கும். அந்த அட்டையால் நீ அங்கே குடியிருப்பவள் ஆகிவிட மாட்டாய். கம்பெனி எங்கே பதிவானது என்பதோடு ஜெர்மனி விடுவதில்லை, அதன் அன்றாட முடிவுகளை எடுக்கும் ஆள் எங்கே இருக்கிறார் என்றும் பார்க்கும். முடிவெடுப்பது நீ ஒருத்தி, நீ இருப்பது ம்யூனிக். ஆகவே வரிக்கு அது ஜெர்மன் கம்பெனி மாதிரிதான். 15 சதவீதம் கம்பெனி வரி, அந்த வரித் தொகையில் 5.5 சதவீதம் கூடுதல் வரி, அப்புறம் ஊருக்குக் கட்டும் தொழில் வரியான கெவெர்பே வரி உங்கள் ஊரில் 17.15 சதவீதம். கூட்டிப் பார், கிட்டத்தட்ட 33. மிச்சத்தை உன் கைக்கு எடுக்கும்போது அதற்குத் தனி வரி, இரண்டு நாட்டுக்கும் கணக்கு எழுத இரண்டு ஆடிட்டர்.

இதே வேலையை உன் சொந்தப் பெயரில், ஃப்ரைபெருஃப்ளராக, அதாவது வியாபாரக் கணக்கில் வராத சுதந்திரத் தொழில்காரியாகச் செய்தால் கெவெர்பே வரி ஒரு சென்ட் கூட இல்லை. சாப்ட்வேர்காரர்களை அதில் சேர்ப்பதா, வியாபாரம் என்பதா என்று வரி அலுவலகம் ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் முடிவு செய்யும், ஆனால் இன்ஜினியர் படிப்பும் அந்தத் தரத்து வேலையும் இருந்தால் வாய்ப்பு நல்லது. பரணில் தூக்கிப் போட்ட பி.இ. சான்றிதழை இறக்கி மொழிபெயர்த்து வை. எல்ஸ்டர் என்ற வரித்துறை இணையதளத்தில் அந்த நீளமான பதிவுப் படிவம் வரும்போது தொழில் என்ற கட்டத்தில் ‘ஐடி சர்வீஸ்’ என்று இரண்டு சொல்லில் முடிக்காதே, எந்த மாதிரி சிஸ்டத்தை வடிவமைக்கிறாய் என்று விவரமாக எழுது. வியாபாரம் என்றே அவர்கள் சொன்னாலும் தனி ஆளுக்கு வருடத்தில் முதல் 24,500 யூரோ லாபத்துக்கு அந்த வரி இல்லை. கம்பெனிக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

பில் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் பில் ஆம்ஸ்டர்டாமுக்கு, 4,000 யூரோ. கீழே 19 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி), 760 என்று சேர்த்து அனுப்பினேன். இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் கம்பெனிக்கு இந்த மாதிரி வேலை செய்தால் வாட்டை வாங்குபவர்தான் தன் நாட்டில் கணக்குக் காட்ட வேண்டும். பில்லில் உன் வாட் எண், அவர்கள் வாட் எண், வரிப் பொறுப்பு வாங்குபவருடையது என்ற ஒரு வரி, இவ்வளவுதான். தெரியாமல் 760 என்று அச்சிட்டுவிட்டதால், பில்லைத் திருத்திக் கொடுக்கும்வரை கைக்கு வராத அந்தப் பணம் நான் அரசுக்குத் தரவேண்டிய கடனாக நின்றது, அன்றிரவு நான் அழுதேன் கயல். நீ பில் போடுமுன் டப்ளின்காரர்களின் வாட் எண்ணை, அதற்கென்றே ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வீஸ் தளத்தில் சரிபார்த்து அந்தப் பக்கத்தைச் சேமித்து வை. இந்த பில்களையெல்லாம் தொகுத்துத் தனியாக ஒரு அறிக்கையும் அனுப்ப வேண்டும், அதை மறந்துவிடாதே.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நீ இன்னும் ப்ளூ கார்டில்தானே இருக்கிறாய்? அந்தத் தங்கும் அனுமதி சம்பள வேலைக்கு உரியது. சொந்தத் தொழிலுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அது கையில் வருமுன் ராஜினாமா கடிதம் கொடுக்காதே. எஸ்தோனியா அட்டை இதற்கு ஒன்றும் செய்யாது, அது விசா இல்லை. வரியில் தப்பு வந்தால் பணத்தோடு போகும், இதில் தப்பு வந்தால் நீ அந்த ஊரிலேயே இருக்க முடியாமல் போகலாம். எனக்குத் தூக்கம் வராதது இதனால்தான்.

டப்ளின்காரர்கள் ஒருவர் மட்டுமே உன் கிளையண்ட் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் லேப்டாப், அவர்கள் சொல்லும் நேரம், லீவுக்கும் அவர்களிடம் கேட்பது என்று இருந்தால் அது பேருக்குத்தான் சுயதொழில், பென்ஷன் நிறுவனம் அதைச் சம்பள வேலை என்றே எழுதிவிடலாம். உண்மையிலேயே சுயதொழில்தான் என்றாலும், ஒரே கிளையண்டை நம்பியிருப்பவர் 18.6 சதவீதம் பென்ஷன் கட்ட வேண்டி வரும். தொழில் தொடங்கிய முதல் மூன்று வருடத்துக்கு விலக்குக் கேட்கலாம், கேட்டால்தான் கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டில் முதலாளி கட்டிய பாதியும் இனி உன் தலையில்தான்.

பணம் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடு. எனக்கு முதல் வருடத்து வரி முழுவதும், நடப்பு வருடத்துக்கு முன்கூட்டியே கட்டும் வரியும் ஒரே கவரில் வந்தன. அப்புறம் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் பத்தாம் தேதி என்று தவறாமல் வருகிறது. அந்தத் தனிக் கணக்கு மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கவரை என்னால் தாங்கியிருக்க முடியாது.

சனிக்கிழமை மதியம் கூப்பிடு. டப்ளின் கான்ட்ராக்டின் நகலை அதற்கு முன்னால் அனுப்பு, கையெழுத்துப் போடாமல்.

உன்
பூங்கொடி