மார்க்1, மார்க்2ன்னு பேரை ஒட்ட வச்சு எழுதச் சொல்லிக் குடுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல, வெப்சைட் எழுதுற மொழியான பிஎச்பி பத்தி வந்த பாடம் படிச்சேன். ஒரு வேரியபிளோட (மதிப்பைப் போட்டு வைக்கிற, பேர் வச்ச பெட்டி) பேரை இன்னொரு வேரியபிள்ல வச்சுக்கிட்டு, முன்னாடி ரெண்டு டாலர் குறி போட்டு, திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்குள்ள 'மார்க்' கூட நம்பரை ஒட்டி அஞ்சு பாடத்து மார்க்கையும் காட்டுறது எப்படின்னு போட்டிருந்தீங்க. அது ஓடும், தப்பில்ல. ஆனா புதுசா கத்துக்கிற பசங்களுக்கு எடுத்த எடுப்புல இதைக் காட்டினா அதுவே பழகிடும்.

வெப்சைட் வேலைதான் எனக்குப் பொழப்பு. ஒரு ஸ்கூலோட ரிசல்ட் பக்கம் சரி பண்ண வந்துச்சு, அதுவும் இதே மாதிரி எழுதினதுதான். பரீட்சைக்கே வராத ஒரு பையனுக்கு கணக்குல 91 காட்டுது, பாத்தா அது லிஸ்ட்ல அவனுக்கு முன்னாடி இருந்த பொண்ணோட மார்க், இவனுக்கு மார்க் இல்லாததால மார்க்3ல பழைய மதிப்பு அப்படியே உக்காந்திருக்கு. சரி எங்க வருதுன்னு பாக்க ஃபைல் பூரா மார்க்3ன்னு தேடினா ஒரு இடத்துலயும் சிக்கல, ஏன்னா அந்தப் பேரே கோடு ஓடும்போதுதான் உருவாகுது. ரெண்டு நாள் போச்சுங்க. ஒரே அர்ரேல, அதாவது பல மதிப்பை சேத்து வைக்கிற பட்டியல்ல, பாடத்தோட பேரை கீயா (தேடி எடுக்கிற அடையாளமா) வச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் புது அர்ரேன்னு மாத்தினதும் சரியாயிடுச்சு.

இன்னொண்ணு, ரெண்டு டாலர் போட்ட பேருக்குப் பின்னாடி சதுர அடைப்பு வந்தா பிஎச்பி 5 அடைப்பை முதல்ல பாக்கும், 2015ல வந்த பிஎச்பி 7 இடமிருந்து வலமா பாக்கும். நடுவுல நெளி அடைப்பு போடாம எழுதின பழைய கோடெல்லாம் வெர்ஷன் மாத்தினதும் வேற அர்த்தம் ஆயிடுச்சு. பிஎச்பில இருந்த ரெஜிஸ்டர் குளோபல்ஸ்ங்கிற பழைய செட்டிங் கதையும் இதோட சேந்ததுதான், யூஆர்எல்ல வர்றதெல்லாம் தானா வேரியபிளா மாறும், யார் வேணா உள்ள எதை வேணா திணிக்கலாம்னு ஆனதால 2002ல வந்த பிஎச்பி 4.2லயே அதை டீஃபால்ட்டா அணைச்சு வச்சாங்க, 2012ல 5.4ல எடுத்தே விட்டாங்க. ஃபார்ம்ல வர்ற டேட்டாவை எக்ஸ்ட்ராக்ட்ல (அர்ரேல இருக்கிற கீயையெல்லாம் தனித்தனி வேரியபிளா மாத்துற பிஎச்பி கட்டளை) போட்டா இன்னைக்கும் அதே ஓட்டைதான்.

டெம்ப்ளேட்டுக்கு, அதாவது மதிப்பு வந்து உக்கார இடம் விட்டு வச்ச பக்க மாதிரிக்குப் போனா இந்தப் பழக்கம் இன்னும் படுத்தும். பைத்தான் மொழியில வெப்சைட் எழுத உதவுற ஜாங்கோவோட டெம்ப்ளேட்ல புள்ளிக்கு அப்புறம் என்ன பேர் போடறோமோ அதையே எழுத்து மாறாம தேடும், அந்தப் பேர்ல ஒரு வேரியபிள் இருந்தாலும் அதுக்குள்ள இருக்கிற மதிப்பை எடுத்துக்காது, கிடைக்கலேன்னா எரர் கூட வராது, அந்த இடம் காலியா இருக்கும். பசங்க அங்கதான் மண்டைய உடைச்சுக்கறாங்க. நாமளா ஒரு சின்ன ஃபில்டர் எழுதணும், இல்ல டெம்ப்ளேட்டுக்கு டேட்டா குடுக்கிற வியூங்கிற கோடுலயே எடுத்து அனுப்பணும். வேற டெம்ப்ளேட் கருவிகள்ல, ஜின்ஜால சதுர அடைப்பு போட்டாலே போதும், ஹேண்டில்பார்ஸ்ல இதுக்குன்னே லுக்கப்னு ஒண்ணு குடுத்திருக்காங்க. எதுவா இருந்தாலும் மார்க்கெல்லாம் ஒரே இடத்துல, கீ வச்சு இருக்கணும்.

அடுத்த வாரம் இதே மார்க் உதாரணத்தையே அர்ரே வச்சு ஒரு தடவை போடுங்க, டாலர் டாலர் பாடத்தை கட் பண்ணி நோட்டுல ஒட்டி வச்சிருக்கிற பசங்க பக்கத்துலயே அதையும் ஒட்டிக்குவாங்க.

இப்படிக்கு,
உங்க கம்ப்யூட்டர் பக்கத்தை விடாம படிக்கிற வாசகர்,
ஈரோடு.