வெறுமை குறித்த உன் அத்தியாயத்தைப் படித்தேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று வழக்கம்போல் எழுதி முடித்துவிடாமல், நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கையால் நாலு வரி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் கால்வலி, பெரியப்பா வீட்டு நில விவகாரம் எல்லாவற்றையும் வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன். இக்கடிதம், ஆதிக் கிறிஸ்தவக் காலத்து ஞானவாதிகள் வெறுமையைப் பற்றிச் சொன்னதை ஆராய்ந்து நீ எழுதி அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயத்தைப் பற்றியது.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். பழைய எகிப்திய மொழியான காப்டிக்கின் எழுத்துகள் வரும் இடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். நம் குடும்பத்தில் உபதேசியார் தாத்தாவுக்குக்கூடக் கிரேக்கம் தெரியாது; அவருடைய பேத்தி, எகிப்தில் நாக் ஹம்மாடிக்கு அருகே 1945இல் ஒரு சாடியிலிருந்து கிடைத்த ஏடுகளைக் காப்டிக் மொழியிலேயே வாசிக்கிறாள் என்று ஆலயத்தில் பலரிடம் சொல்லிக்கொண்டேன். அத்தனை பெரிய ஏடுகளை வாசிக்கிறவளுக்கு அப்பாவின் செய்தியை வாசித்துப் பதில் அனுப்ப நேரமில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். இரண்டாம் நூற்றாண்டு ஞானவாத ஆசிரியர் வலெண்டினஸின் வழிவந்தவர்கள் சொன்ன கதையில் ஆதியில் இருப்பவர் ஆழம் என்னும் தந்தை. அவரோடு இருப்பவள் மௌனம். அவர்களையும் அவர்களிடமிருந்து இணை இணையாகத் தோன்றியவர்களையும் சேர்த்து 30 ஏயோன்கள், அதாவது தெய்வீகப் பிறவிகள். அவர்கள் அனைவரும் கூடியது பிளெரோமா என்னும் நிறைவு. அதற்குப் புறம்பே இருப்பது கெனோமா என்னும் வெறுமை. அந்த முப்பதில் கடைக்குட்டியான சோஃபியா, தந்தையை முழுவதும் அறிந்துவிட வேண்டும் என்ற வேட்கையால் தன் துணையையும் விட்டுத் தனியே பாய்கிறாள். ஹோரோஸ் என்னும் எல்லை தடுத்திராவிட்டால் அவள் அந்த ஆழத்திலேயே கரைந்துபோயிருப்பாள். அவளை மீட்டு அவளுடைய இடத்தில் நிறுத்துகிறார்கள். ஆனால் அவளிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்த வேட்கை, அகமோத் என்ற பெயரோடு, நிழலும் வெறுமையுமான வெளியில் குறைப்பிரசவம்போல் உருவமற்றுக் கிடக்கிறது. தந்தையின் பெருமையை மற்ற ஏயோன்களுக்குச் சொல்லிவிட மனம் என்னும் ஏயோனான நூஸ் விரும்பியபோது, தந்தையின் சித்தப்படி மௌனம் அவரைத் தடுத்தாள் என்று ஓரிடத்தில் வருகிறதே, அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

லியோன் நகரத்து ஆயர் ஐரேனியஸ் ஏறக்குறைய 180ஆம் ஆண்டில் இவர்களை மறுத்து எழுதியதை நீ நிறையவே எடுத்தாண்டிருக்கிறாய். அவர் கேட்கும் கேள்வி நியாயமானதுதான். அந்த வெறுமை எங்கிருந்து வந்தது? தந்தையே அதைப் பிறப்பித்தார் என்றால் அதுவும் ஏயோன்களின் உறவாகிவிடும். தானே தோன்றியது என்றால் அதுவும் தந்தைக்குச் சமமாகிவிடும். வழக்கறிஞர்போல் இரண்டு பக்கமும் அடைத்துவிடுகிறார். ஆனால் ஏயோன்களின் பெயர்வரிசையைக் கேலிசெய்து, ஆதியில் சுரைக்காய் இருந்தது, அதனுடன் முழுவெறுமை என்றொரு சக்தி இருந்தது, அவை இரண்டும் வெள்ளரிக்காயைப் பிறப்பித்தன என்று எழுதுவதும், அகமோத்தின் கண்ணீரிலிருந்து கடல் வந்தது என்றால் நல்ல தண்ணீர் அவளுடைய வியர்வையிலிருந்து வந்திருக்குமோ என்று கேட்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. உன் பெரியப்பா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். அழுகிறவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே பகல் சுருங்கும் காலம் என்று சித்தி சொன்னாள். இருட்டுவதற்குள் வெளியே சற்று நடந்துவிட்டு வா. நாளுக்கு ஒரு மனிதரோடாவது வாய்திறந்து பேசு.

ஐரேனியஸின் கேள்விக்கு, நாக் ஹம்மாடி ஏடுகளில் உள்ள 'உண்மையின் நற்செய்தி' சொல்லும் விடையை நீ அத்தியாயத்தின் நடுவில் வைத்திருப்பது சரியான இடம். அதில் குறைவு என்பது தனியே நிற்கும் ஓர் இடமாக இல்லை. தந்தை அறியப்படாததால் வந்தது, அறியப்பட்ட கணத்தில் இல்லாமல் போவது. துரத்தப்படுவதாகவும் உயரத்திலிருந்து விழுவதாகவும் கனவு கண்டு பதறுகிறவர்கள் விழித்ததும் அங்கே எதையும் காண்பதில்லை என்று அந்த ஆசிரியர் எழுதியிருப்பதை இரண்டு மூன்று முறை வாசித்தேன். இன்னொரு ஞானவாத ஆசிரியரான பசிலிடீஸ் பற்றிய பகுதி என் தலைக்கு ஏறவில்லை. எதுவுமே இல்லாத ஒரு காலம் இருந்தது, 'ஒன்றுமில்லை' என்பதுகூட அப்போது இல்லை என்று அவர் சொன்னதாக, ஞானவாதிகளை மறுத்து எழுதிய ஹிப்போலிடஸ் எழுதிவைத்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது. அந்த மனிதர் அச்சொல்லை அத்தனை அளந்து பேசியிருக்கிறார். நீயோ நான் என்ன கேட்டாலும் 'ஒன்றுமில்லை அப்பா' என்று பதில் அனுப்புகிறாய். ஜூன் மாதத்துக்குப் பிறகு வேறு பதிலே வரவில்லை.

உன் அத்தியாயத்தில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. படித்தவள் நீ, தவறாக இருந்தால் திருத்து. அதே ஏடுகளில் உள்ள தோமா நற்செய்தியின் 97ஆம் மொழியை நீ தொடவே இல்லை. ஒரு பெண் சாடி நிறைய மாவைச் சுமந்துகொண்டு தொலைதூர வழியில் நடக்கிறாள், சாடியின் கைப்பிடி உடைந்து மாவு அவள் பின்னே வழிநெடுகக் கொட்டிக்கொண்டே வருகிறது, அவளுக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து இறக்கிவைத்த பிறகே சாடி காலியாக இருப்பதைக் காண்கிறாள். தந்தையின் ராஜ்யம் இத்தகைய பெண்ணுக்கு ஒப்பானது என்று அது தொடங்குவதன் பொருள் என்னவென்று அறிஞர்கள் சொல்லட்டும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அகமோத்தின் வெறுமையில் துயரம் இருந்தது, பயம் இருந்தது, திகைப்பு இருந்தது. அவள் அழுதாள், தன்னை விட்டுச் சென்ற ஒளியை எண்ணிச் சிரிக்கவும் செய்தாள். அவளிடம் அழியாமையின் வாசனை மிஞ்சியிருந்தது என்று ஐரேனியஸே எழுதுகிறார். தான் இழந்ததை அறிந்தவள் அவள். மாவுச் சாடியைச் சுமந்தவளுக்கு எதுவும் தெரியாது. யார் விசாரித்திருந்தாலும் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருப்பாள். எனக்கு அச்சம் தருவது இந்த இரண்டாமவள்தான். அவளுக்குப் பின்னால் அந்த வழியில் யாராவது நடந்து வந்திருந்தால், மாவைப் பார்த்துக் குரல் கொடுத்திருப்பார்கள்.

இதை எழுதிவிட்டு, நேரத்துக்குச் சாப்பிடு என்று மறுபடியும் எழுதத் தோன்றுகிறது. சாப்பிடு. யாரோடாவது பேசு.

கடைசியாக, நீ அடிக்குறிப்பில் ஒதுக்கிவைத்திருக்கும், வலெண்டினஸின் வழிவந்த தெயோதொத்துஸ் பற்றி. அலெக்சாந்திரியாவின் கிளமெந்து எடுத்தெழுதி வைத்த குறிப்புகளால்தான் அவர் நமக்குத் தெரிகிறார் என்று எழுதியிருக்கிறாய். பிலிப்பியர் நிருபத்தில் 'தம்மைத்தாமே வெறுமையாக்கி' என்று நாம் சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவரும் வசனத்துக்கு அவர் தரும் விளக்கம், இயேசு எல்லையைக் கடந்து வெளியே வந்தார் என்பது. நிறைவுக்குள் இருந்தவர் நிழலும் வெறுமையுமான இடத்துக்குப் புறப்பட்டு வருகிறார். அவரைக் கண்ட அகமோத் முதலில் நாணத்தால் முக்காடு போட்டுக்கொண்டு, பிறகு அவரிடம் ஓடுகிறாள் என்று ஐரேனியஸ் எடுத்துச் சொல்லும் கதையில் வருகிறது. இவர்களுடைய அண்டக் கதை வெறுமையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நீயோ அத்தியாயத்தை அவள் தனியே கிடப்பதோடு முடித்துவிட்டாய். அடிக்குறிப்பை மேலே ஏற்று. உன் பேராசிரியர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

பாளையங்கோட்டையைத் தாண்டிப் பயணமென்றாலே தட்டிக்கழிக்கும் உன் அப்பா பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். காவல்துறை விசாரணையும் முடிந்தது. விசாவுக்கு உன்னிடமிருந்து அழைப்புக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புவாள். குளிருக்கு என்ன உடை வாங்க வேண்டும் என்பதையும், தேவையென்றால் வா, தேவையில்லை என்றால் வராதே என்பதையும் நீயே எழுது. 'ஒன்றுமில்லை' என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அப்பா