மேலே குளிர்கிறது, கீழே சுடுகிறது

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் உன் கைப்பட எழுதத் தொடங்கிவிட்டாய் என்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. கடிதத்தின் பின்பாதியில் உன் பேத்தி கேட்டதாக நீ எழுதியிருந்த கேள்வியை ஒரு வாரமாக மனத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். "பூமி சூடேறியிருக்கலாம் தாத்தா, ஆனால் அதற்குக் காரணம் மனிதர்கள்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? பனியுகங்கள் வந்ததும் போனதும் நம்மால் இல்லையே?" என்று அவள் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றதாக வருந்தியிருந்தாய். அதில் வருந்த ஒன்றுமில்லை. அறிவியலாளர்கள் தங்களுக்குள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்ட கேள்வி அது. பணி ஓய்வுக்குப் பிறகு நான் படிப்பது பெரும்பாலும் இதைப் பற்றியே என்பதால், எனக்குத் தெளிவானவற்றை எழுதுகிறேன்.

சூடேறியிருக்கிறதா என்பதில் அவளுக்கே பெரிய ஐயம் இல்லை என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் மேற்பரப்பு ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தோடு இருந்தது; 2024ஆம் ஆண்டின் சராசரி 1.5 டிகிரியையும் தாண்டியது. நகரங்கள் பெருகியதால் வெப்பமானிகள் கூடுதலாகக் காட்டுகின்றன என்று சிலர் சொல்வதுண்டு. அந்த ஐயத்தோடுதான் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் பதிவுகளையெல்லாம் புதிதாகக் கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கு முடிந்ததும், வெப்பம் ஏறியது உண்மை, அதற்குக் காரணமும் மனிதர்களே என்று 2012இல் வெளிப்படையாக எழுதினார். தன் ஐயம் தவறு என்று ஊரறியச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அதோடு, கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கடலுக்குள் போயிருக்கிறது. கடலுக்குள் நகரம் ஏது?

இனி காரணத்துக்கு வருவோம். சூரியனிடமிருந்து வரும் ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருக்க வேண்டும். இருப்பதோ ஏறக்குறைய 15 டிகிரி. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நீராவியும் கரியமில வாயுவும் இன்னும் சில வாயுக்களும்தான். 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, வெவ்வேறு வாயுக்களைக் கண்ணாடிக் குழல்களில் அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழலே மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். அந்த வாயு காற்றில் மிகுந்தால் பூமியும் சூடாகும் என்றும் எழுதினார். அந்த ஆய்வை அறிவியல் கூட்டத்தில் வாசித்தவர் அவர் அல்லர், ஜோசப் ஹென்றி என்ற அறிவியலாளர்; பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாக ஃபுட்டின் பெயரையே உலகம் மறந்திருந்தது. இதை முதன்முதலாகப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது. பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை எந்த வாயு தடுக்கிறது, எது தடுப்பதில்லை என்பதை 1859இல் ஜான் டிண்டால் கருவி கொண்டு அளந்தார். காற்றில் பெரும்பங்கு வகிக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அக்கதிர்களைத் தடையின்றி விட்டுவிடுகின்றன. மிகச் சிறிதளவே உள்ள கரியமில வாயுவும் நீராவியும் பிடித்துக்கொள்கின்றன. அளவு சிறிது என்பதால் விளைவும் சிறிதாக இருக்கும் என்று எண்ணக் கூடாது என்பதை அவளுக்கு அழுத்திச் சொல்.

அந்த வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதற்கும் பதிவு இருக்கிறது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ 313 கரியமில வாயுவாக இருந்தன. இப்போது 420க்கும் மேல். அதற்கு முந்தைய காலத்தை அண்டார்க்டிகாவின் பனிப்பாளம் காட்டுகிறது. துளையிட்டு எடுத்த பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் 8 லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கின்றன. அத்தனை நீண்ட காலத்திலும், பனியுகங்களும் இடைவெளிகளும் மாறி மாறி வந்தபோதும், அந்த எண்ணிக்கை சுமார் 180க்கும் 300க்கும் இடையிலேயே ஊசலாடியது.

கூடிய இந்த வாயு எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாமே என்று அவள் கேட்பாள், கேட்கவும் வேண்டும். கரியமில வாயுவில் இருக்கும் கார்பனுக்குப் பிறப்பிடத்தின் அடையாளம் உண்டு. கார்பன்-14 என்ற ஐசோடோப்பு, அதாவது கார்பன் அணுவின் ஒரு வகை, 5730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்வதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது எஞ்சியிருக்காது. அவற்றை எரித்தால் காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். அப்படி நீர்த்துப்போனதை ஹான்ஸ் சூஸ் மரங்களில் அளந்து 1955இல் வெளியிட்டார். அடுத்தது கார்பன்-13. தாவரங்கள் அதைக் குறைவாகவே ஏற்பதால், தாவரங்களிலிருந்து உருவான எரிபொருளிலும் அது குறைவு. எரிமலை வாயுவில் அப்படியில்லை. காற்றில் கார்பன்-13இன் விகிதமும் குறைந்துவருகிறது. எரிப்பதற்குச் செலவாகும் ஆக்சிஜனும் காற்றில் சிறிது சிறிதாகக் குறைந்துவருகிறது. கடலோ எரிமலையோ வெறுமனே வாயுவை வெளிவிட்டிருந்தால் ஆக்சிஜன் இவ்வாறு செலவாகியிருக்காது.

என்னை முழுமையாக ஒப்புக்கொள்ள வைத்த சான்று இவை எதுவும் அல்ல. சூரியனின் ஒளிர்வு கூடியதுதான் காரணம் என்றால், வளிமண்டலம் அடியிலிருந்து உச்சிவரை சூடேற வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால், தரையை ஒட்டிய அடுக்கு சூடேற, அதற்கு மேலே நாம் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று படித்த அடுக்கு குளிர வேண்டும். அங்கே ஓசோன் சூரியனின் புறஊதாக் கதிரை உள்வாங்கிச் சூடேற்றுகிறது. கரியமில வாயு அந்த வெப்பத்தை விண்வெளிக்கு வீசி வெளியேற்றுகிறது. வீசும் மூலக்கூறுகள் கூடினால் அந்த அடுக்கு கூடுதலாகக் குளிரும். அளந்து பார்ப்பதற்கு வெகுமுன்பே, 1967இல், சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்கிட்டு இதைச் சொல்லிவிட்டார்கள். பின்னர் செயற்கைக்கோள்கள் காட்டியதும் அதையேதான். அந்த அடுக்கின் கீழ்ப்பகுதி குளிர்ந்ததில் ஓசோன் தேய்வுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் மேற்பகுதி குளிர்வதற்கு முதன்மைக் காரணம் கரியமில வாயுவே. 1970களின் பிற்பகுதியிலிருந்து விண்ணிலிருந்தே அளந்துவரும் சூரிய ஒளிர்விலும் இந்த வெப்ப ஏற்றத்தை விளக்கும் உயர்வு ஏதும் இல்லை. மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த ஒரு கணக்குக்குக் கிடைத்த மரியாதை என்றே எனக்குத் தோன்றியது.

பனியுகங்களைப் பற்றி அவள் சொன்னது சரி. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதே அவற்றுக்குத் தொடக்கக் காரணம். பனியுகம் முடியும்போது கடலிலிருந்து வெளிவந்த கரியமில வாயு அந்த வெப்ப ஏற்றத்தைப் பெருக்கியது. ஆனால் முன்னொரு காலத்தில் மழையால் வெள்ளம் வந்தது என்பது, இன்றைய வெள்ளம் மதகைத் திறந்ததால் வரவில்லை என்பதற்குச் சான்றாகாது. சுற்றுப்பாதையின் கணக்குப்படி பார்த்தால் பூமி இப்போது மிக மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் அவளிடம் சொல்லிவிடாதே. கரியமில வாயு இரண்டு மடங்கானால் இறுதியில் எத்தனை டிகிரி ஏறும் என்பதற்கு 1896இல் ஸ்வாந்தே அரேனியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் 5 முதல் 6 டிகிரி என்றார், 2021இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2.5 முதல் 4 டிகிரிக்குள் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. இந்த இடைவெளி இன்னும் விரிந்து கிடப்பதற்கு மேகங்களே பெரிய காரணம். தாழ்ந்த மேகம் வெயிலைத் திருப்பிவிடுகிறது, உயர்ந்த மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது; சூடேறும் உலகில் எது கூடும், எது குறையும் என்பதைத் துல்லியமாகக் கணிப்பது கடினம். அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுத வேண்டும்.

அவளிடம் ஸ்ட்ராட்டோஸ்பியரிலிருந்தே தொடங்கு. சூரியன் காரணமானால் மேலடுக்கு என்னவாகும் என்று முதலில் அவளையே ஊகிக்கவிட்டு, பிறகு அளவீட்டைச் சொல். அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்கு எழுது. கண்ணுக்கு மருந்து விடுவதைத் தவறவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்