பார்த்ததற்கு மட்டும் புள்ளி போடுங்கள்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவருக்கு ஆஸ்பத்திரி விடுதிகளில் படிப்பிக்கும் வைத்திய நிபுணர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். நானும் இங்கே மருத்துவம் படித்தவன். நோயாளியைப் பார்க்கும் திறமைக்குப் போடும் கிளினிக்கல் புள்ளி பற்றி எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது: கண்ணால் பார்த்ததற்கு மட்டும் புள்ளி போடுங்கள்.

ஒரே நோயாளியை ஆறுதலாக விசாரித்து, பரிசோதித்து, பிறகு பரிசோதகரிடம் விளக்கும் லோங் கேஸ் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் மாணவி பக்குவமாக வருத்தம் விசாரிக்கிறாள். காசில்லாமல் மருந்தை இடையில் நிறுத்தியதை அந்த அம்மா அவளிடம்தான் வாய்திறந்து சொல்கிறார். அந்த நேரம் பரிசோதகர் பக்கத்தில் இருப்பதில்லை. பிறகு ஆங்கிலத்தில் கேஸைச் சொல்லும்போது அவளுக்கு நாக்குத் தடுமாறுகிறது, புள்ளி குறைகிறது. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவருக்குச் சிக்கல் வேறு மாதிரி: நோயாளியோடு தமிழில் பேசத்தான் திணறுவார்கள். அதை ஒருவரும் நின்று பார்க்காவிட்டால் யார் திருத்துவது?

ஒரு பிரிவில் சில வாரம் பழகும் அப்பொயின்ட்மென்ட் முடிவில் நினைவிலிருந்து போடும் புள்ளியும் இப்படித்தான். வோர்ட் ரவுண்டில் முன்வரிசையில் நின்று பதில் சொன்னவரின் முகமே மனதில் நிற்கும். ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்ற எல்லாவற்றையும் உயர்த்தி மதிப்பிடும் பழக்கத்தை, இராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை வைத்து உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் 1920இலேயே எழுதிவிட்டார்.

எல்லாருக்கும் ஒரே நிலையங்கள், ஒரே புள்ளித்தாள் என்று மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஒஸ்கி பரீட்சை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது பரீட்சை மண்டபத்துக்கு உரியது. விடுதிக்கு மினி கெக்ஸ் என்ற சின்ன மதிப்பீடு போதும்: மாணவர் உண்மையான நோயாளியைப் பார்ப்பதைப் பதினைந்து, இருபது நிமிடம் பக்கத்தில் நின்று கவனிப்பது, அங்கேயே குறை நிறை சொல்வது, அன்றைக்கே எழுதிவைப்பது. ஒருமுறை போதாது. நெஞ்சுவலிக் கேஸில் நன்றாகச் செய்தவர் பக்கவாதக் கேஸில் தடுமாறலாம். ஆகவே வேறு வேறு நோயாளிகள், வேறு வேறு பரிசோதகர்கள் வேண்டும்.

நிரம்பி வழியும் விடுதி, முடியாத கிளினிக், உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். நிபுணராவதற்குப் பயிலும் ரெஜிஸ்ட்ரார்களையும் பழக்கியெடுத்து இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குழு வரும் முதல் நாளே எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்லிவிடுங்கள். பின்தங்குகிறவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், அதுவும் அப்பொயின்ட்மென்ட் பாதியில் இருக்கும்போதே.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்