எஃப் ஒன் அமுக்குறவன் எழுதுறது

பர்சேஸ் கமிட்டி ஐயா, மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

லேப் சர்வருக்குப் பதிலா ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்கன்னு நான் எழுதுன இண்டென்ட்ட, அதான் அந்தக் கோரிக்கைச் சீட்ட, மூணாவது தடவையா திருப்பி அனுப்பிட்டீங்க. எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், பழைய கதைய விடுறேன், போன ஞாயித்துக்கிழமை நடந்தத மட்டும் சொல்றேன்.

ராத்திரி மழை, கரண்ட் போச்சு, யுபிஎஸ் இருபது நிமிஷம் கத்திட்டு அடங்கிடுச்சு. கரண்ட் வந்தும் இன்டர்னல் மார்க் ஏத்துற வெப் பக்கம் திறக்கல, திங்கக்கிழமை கடைசி நாள்னு ஹெச்ஓடி போன் மேல போன். என்ன ஆச்சுன்னு எனக்குப் போய்ப் பாக்காமலே தெரியும். மாடிப்படிக்குக் கீழ சர்வர்னு வெச்சிருக்கோமே அந்த டெஸ்க்டாப், அதுக்கு பயாஸ் பேட்டரி, செட்டிங்ஸ மறக்காம வெச்சுக்குற பொட்டு பேட்டரி, ரெண்டு தடவ மாத்தியாச்சு, போர்டே பழசு, தின்னுடுது. கரண்ட் போய் வந்தா கறுப்பு ஸ்கிரீன்ல "எஃப் ஒன் அமுக்கு"ன்னு கேட்டுட்டு யாராவது வர்ற வரைக்கும் அப்படியே நிக்கும். ரூம் சாவி என்கிட்ட மட்டும்தான். ரெயின்கோட்ட மாட்டிட்டு பதினாலு கிலோமீட்டர் வண்டியில வந்து, வாட்ச்மேன் அண்ணன எழுப்பி கேட்ட திறக்கச் சொல்லி, செல்போன வாயில கவ்வி டார்ச் அடிச்சு, ஒரே ஒரு பட்டன அமுக்கிட்டு திரும்பிப் போனேன். இந்த வருஷத்துல இது ஆறாவது தடவ.

நான் கேட்டது ஒரு ராஸ்பெர்ரி பை, அதான் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், அதுக்கு டேட்டா வைக்க ஒரு சின்ன எஸ்எஸ்டி டிரைவ், அவ்வளவுதான். கரண்ட் வந்தா தானா எந்திரிக்கும். பிளக் மீட்டர் வெச்சுப் பாத்தேன், நம்ம டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுக்குது, வீட்டுல நான் ஓட்டுற ராஸ்பெர்ரி பை 5 வாட்டத் தாண்டல. ராப்பகலா ஓடினா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட், 2016ல தமிழ்நாடு கவர்மென்ட் ஒரு வீட்டுக்கு இலவசம்னு அறிவிச்சது அத்தனையையும் இந்தப் பொட்டி ஒண்ணே முழுங்குது. ராஸ்பெர்ரி பைக்கு ஏழு யூனிட் சொச்சம்.

"இது பொம்மை"ன்னு ஃபைல்ல எழுதியிருந்தீங்க. 2020ல உலகத்துலயே வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்னு முதலிடம் புடிச்ச ஜப்பான் ஃபுகாகு ராஸ்பெர்ரி பையில இருக்குற இதே ஆர்ம் (ARM) வகை சிப்புலதான் ஓடுது. அமேசான் 2018லேர்ந்து "கிராவிட்டான்"னு சொந்தமா ஆர்ம் சிப் போட்டு அதுல ஓடுற சர்வர வாடகைக்கு விடுது. நம்ம மார்க் பக்கத்துக்கு மட்டும் பத்தாதாக்கும். குறையே இல்லன்னு சொல்லல, மெமரி கார்டுல ஓட்டுனா பொசுக்குனு கரண்ட் போறப்ப கார்டு கெட்டுப்போகும், அதுக்குத்தான் எஸ்எஸ்டி கேட்டேன், நீங்க மொதல்ல அடிச்சதே அந்த வரியத்தான். அக்கவுண்ட்ஸ்காரங்க விண்டோஸ் சாஃப்ட்வேர் இதுல ஓடாது, அவங்க மெஷின நான் கேக்கவும் இல்ல.

இப்ப புது டவர் சர்வர் வாங்கப் போறீங்களாம், அத குளுகுளுன்னு வைக்க ஒரு ஏசியுமாம். வாசல்ல "பசுமை வளாகம்"னு ஃப்ளெக்ஸ், அந்த ஃப்ளெக்ஸுக்கு விடிய விடிய ஃபோகஸ் லைட்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் நட்ட மரக்கன்னெல்லாம் இப்ப... சரி, அது என் வேலை இல்ல, மன்னிச்சுக்குங்க.

தயவுசெஞ்சு அந்த இண்டென்ட்ட மட்டும் பாஸ் பண்ணுங்க. பழச தூக்கிப் போடக்கூட வேணாம், ஒரு மாசம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாருங்க, மீட்டர் என்னோடது, கொண்டாந்து வெக்கிறேன். மூணு கொட்டேஷன் பத்தலன்னா நாலாவதும் வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் மழை நாள்ல எஃப் ஒன் அமுக்க கமிட்டியில யாராவது ஒருத்தர் பேரு குடுத்தீங்கன்னா வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொல்லி, ரூம் சாவியையும் அவர்கிட்டயே குடுத்து வெக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட்