முழுப் படத்தையும் வெளியிடுங்கள்: பழைய கௌபாய் படங்களைக் கையில் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய அமெரிக்கக் கௌபாய் படங்களின் பிரதிகளைக் காத்துவரும் ஆவணக் காப்பகத்தாருக்கும், அவற்றை டிவிடியிலும் இணையத்திலும் வெளியிடும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

1930-களிலும் 40-களிலும் ஹாலிவுட்டின் சிறிய கம்பெனிகள் ஐந்தாறு நாள் படப்பிடிப்பில் எடுத்து முடித்த ஒரு மணி நேரப் படங்களைப் பற்றி எழுதுகிறோம். ஊர்த் தண்ணீரையோ நிலத்தையோ வங்கியையோ வளைத்துப் போட்ட ஒரு பெரிய மனிதன், அவன் சொன்னபடி ஆடும் ஷெரீஃப், வாய் திறக்க அஞ்சும் ஊர்க்காரர்கள், வெளியூரிலிருந்து தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து சேரும் ஓர் அரசாங்க ஆள். நாங்கள் பேசுவது இந்தக் கதைகளைப் பற்றித்தான். இவற்றை முழு நீளத்தில், எடுத்த வேகத்தில், எடுத்தபோது இருந்த ஒலியோடு வெளியிட வேண்டும். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதையும் கூடவே எழுத வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

இவை மலிவான படங்கள்தானே, பிரதியில் வெட்டுப்பட்டு ஐந்து நிமிடம் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மலிவான படம் என்பதால்தான் ஐந்து நிமிடம் போகக் கூடாது என்கிறோம். 55 நிமிடத்தில் ஊழல் எப்படி நடக்கிறது, யாருக்குப் பணம் போகிறது, அதை எந்த இடத்தில் அறுக்கலாம் என்று சொல்லி முடிக்க வேண்டியவர்கள், தேவையில்லாத காட்சியை எழுதவில்லை. மோனோகிராம் கம்பெனிக்காகப் பால் மால்வெர்னின் லோன் ஸ்டார் நிறுவனம் 1933 முதல் 1935 வரை ஜான் வெய்னை வைத்து 16 படங்கள் எடுத்தது. அவற்றில் முதலாவது ராபர்ட் பிராட்பரி இயக்கிய ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’. அதில் கின்கெய்ட் என்பவன் ஊரின் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பண்ணைக்காரர்களின் கழுத்தை நெரிக்கிறான். வாஷிங்டனிலிருந்து வந்த ஆள் அவனை நேராகச் சுடுவதில்லை. கிணற்றை வெடி வைத்துத் தகர்த்தால் பண்ணைக்காரர்களுக்குத் தண்ணீர் அடியோடு நின்றுபோகும் என்று அவனையே நம்பவைக்கிறான். வெடித்ததும் அடைபட்டிருந்த தண்ணீர் பொங்கிப் பண்ணைகளுக்குப் பாய்கிறது. நம்பவைக்கும் அந்தப் பேச்சு இல்லாவிட்டால் கடைசியில் தண்ணீர் ஏன் வந்தது என்றே பார்ப்பவருக்குப் புரியாது.

1934-ல் வந்த ‘தி ஸ்டார் பேக்கர்’ இன்னும் நுட்பமானது. ஊருக்கு வருகிற ஷெரீஃப் எல்லாம் நடுத்தெருவில் சுடப்பட்டுச் சாகிறார்கள். சுட்டவன் யாரென்று தெரிவதில்லை. தெருவோரத்தில் நிற்கும் வெட்டுப்பட்ட மரத்தின் உட்புறம் குடைந்திருக்கிறது, அதற்குக் கீழே சுரங்கம். கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்து குரலாக மட்டுமே கட்டளையிடுகிறான். ஊரே மதிக்கும் பண்ணையாராக வரும் ஜார்ஜ் ஹேய்ஸ்தான் அவன். மரத்தடியையும் இரும்புப் பெட்டியையும் காட்டும் சில விநாடிகள் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது குதிரை ஓட்டம்தான்.

வெட்டு விழுந்தது தற்செயலாக அல்ல. 1950-களில் இந்தப் படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றபோது, விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் அடங்க வேண்டும் என்று நறுக்கினார்கள். ரிபப்ளிக் கம்பெனி தன் படங்களை 53 நிமிட அளவுக்குக் குறைத்தது. அந்தக் கம்பெனியின் கௌபாய் நடிகர்களான ஜீன் ஆட்ரியும் ராய் ராஜர்ஸும் தங்கள் படங்களைத் தொலைக்காட்சிக்கு விடுவதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1954-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வழக்கிலும் கம்பெனியின் பக்கம் நின்றது. நறுக்குபவர் துரத்தலையும் அடிதடியையும் தொட மாட்டார். சிறுவர்கள் பார்ப்பதே அதற்காக. போவது பேச்சுக் காட்சி. பத்திரப்பதிவு அலுவலகம், கடன் பத்திரம், பத்திரிகை ஆசிரியரின் சந்தேகம் எல்லாம் அங்கேதான் இருக்கும். கத்தரி தொடாத பிரதியிலும் ரீலின் தலையும் வாலும் தேய்ந்து அறுந்திருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தடவை இயந்திரத்தில் கோக்கும்போதும் அடிபடுவது அந்த இடம். முதல் ரீலின் முதல் நிமிடத்தில்தான் கொலையோ கொள்ளையோ நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே ஸ்கேனருக்கு அனுப்பும் முன்பு படச்சுருளை அளந்து பாருங்கள். 35 மி.மீ. அகலப் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 16 மி.மீ. நிமிடத்துக்கு 36 அடி. வெளியான காலத்துப் பத்திரிகைகளில் 58 நிமிடம் என்று குறித்திருந்தால் 35 மி.மீ. பிரதி 5,220 அடியும், 16 மி.மீ. பிரதி 2,088 அடியும் இருக்க வேண்டும். கையில் இருப்பது 1,926 அடி என்றால் அது 53½ நிமிடத் தொலைக்காட்சிப் பிரதி. படச்சுருளின் ஓரத்தில் ஈஸ்ட்மேன் கோடாக் அச்சிட்ட வட்டம், சதுரம், முக்கோணக் குறிகளைப் பார்த்தால் அந்தச் சுருள் தயாரான ஆண்டு தெரியும். குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருளா, அப்படித் தீப்பிடிக்காத சேஃப்டி சுருளா என்று காட்டும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1934-ம் ஆண்டுப் படம் 1950-களின் சுருளில் இருந்தால் அதை முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு பிரதி தேடுங்கள்.

புளித்த வாடை அடிக்கும் அசிட்டேட் (சேஃப்டி) பிரதியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது. அமிலத்தைக் காட்டும் ஏ-டி சோதனைத் தாளை டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால் நீலம் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறிக் கெட்டுப்போன அளவைச் சொல்லும். அந்தத் தாளின் அளவுகோலில் 1.5-ஐத் தாண்டிவிட்டால் அமிலம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு சிதைவு வேகமெடுக்கும். படச்சுருள் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதையும் அளவிடுங்கள். 16 மி.மீ. படத்தில் 100 துளைகளின் நீளம் சுமார் 760 மி.மீ. இருக்க வேண்டும். 7.6 மி.மீ. குறைந்தால் ஒரு சதவீதச் சுருக்கம். அந்தப் பிரதியைப் பற்சக்கர இயந்திரத்தில் ஏற்றினால் துளைகள் கிழியும். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில்தான் ஏற்ற வேண்டும். பிம்பம் இல்லாத அடித்தளப் பக்கத்துக் கீறல்களை, திரவம் நிரப்பி ஸ்கேன் செய்யும் ‘ஈர கேட்’ முறையில் மறைக்கலாம். பிம்பம் இருக்கும் எமல்ஷன் பக்கம் பெயர்ந்துபோயிருந்தால் எந்தத் திரவமும் திருப்பித் தராது. அங்கே இன்னொரு பிரதிதான் வழி.

இன்னொரு பிரதியிலிருந்து ஒட்டும்போது ஒரு கண்ணி இருக்கிறது. இந்தக் கம்பெனிகள் ஒரே தெருவையும் ஒரே பாறைகளையும் படத்துக்குப் படம் காட்டின. சாகசக் கலைஞர் யாகிமா கனட் ஒரு தடவை செய்த குதிரைச் சாகசத்தை வேறு படங்களிலும் வெட்டி ஒட்டின. காட்சி ஒத்துப்போகிறது என்பதற்காக வேறு படத்தின் துண்டைச் செருகிவிடாதீர்கள். குதிரையின் நிறத்தையும் நாயகனின் சட்டையையும் பாருங்கள், முன்னும் பின்னும் உள்ள வெட்டுகளோடு ஒப்பிடுங்கள். அப்புறம் சேருங்கள். சேர்த்த இடத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

ஒலியில் நடக்கும் பிழை பலருக்குப் புரிவதில்லை. 16 மி.மீ. பிரதியில் ஒரு பிம்பத்துக்கான ஒலி 26 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும், 35 மி.மீ.-ல் 20 பிரேம். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது பிம்பம் ஓரிடத்திலும், ஒலி அதிலிருந்து ஒரு விநாடிக்குச் சற்று மேல் தள்ளியும் காணாமல் போகிறது. வில்லன் பெயரைச் சொல்லும் இடத்தில் உதடு அசைந்து குரல் வராமல் போவது இதனால்தான். குரல் மட்டும் வேறு பிரதியில் நன்றாக இருந்தால் அங்கிருந்து எடுத்துப் பொருத்துங்கள். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை ஒரேயடியாகத் துடைக்க வேண்டாம், 16 மி.மீ. ஒலித்தடத்தில் மேல் அலைவரிசை ஏற்கெனவே குறைவு, இருக்கும் கொஞ்சத்தில்தான் மெய்யெழுத்துகள் கேட்கின்றன.

புதிய இசையும் வேண்டாம். 1980-களில் லோன் ஸ்டார் படங்கள் சிலவற்றுக்கு மின்னணு இசை சேர்த்து, வண்ணமும் பூசி விற்றார்கள். மூலத்தில் அந்தப் படங்களில் பின்னணி இசை அநேகமாகக் கிடையாது. குளம்படி, கதவு கிறீச்சிடுவது, சலூனில் திடீரென்று பேச்சு நிற்பது ஆகியவைதான் அவற்றின் இசை. ‘ராண்டி ரைட்ஸ் அலோன்’ தொடங்கும்போது ஜான் வெய்ன் சலூனுக்குள் நுழைகிறார். தானாக வாசிக்கும் பியானோ ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே எல்லோரும் பிணமாகக் கிடக்கிறார்கள். அந்தப் பியானோவுக்கு மேல் இன்னோர் இசையைப் போடுவது அக்கிரமம்.

பிம்பத்தில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது பகலில் எடுத்த இரவுக் காட்சிகள். இரவில் விளக்கு வைத்து எடுக்கப் பணமில்லாததால், வெயிலில் சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்கி, பிரிண்ட் போடும்போது இன்னும் இருட்டாக்குவார்கள். தானியங்கி முறையில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் கருவி அதை இருட்டான பகல் என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது. மறைந்து மறைந்து வங்கிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் மார்ஷல் (அரசாங்கக் காவல் அதிகாரி) உச்சி வெயிலில் எல்லார் கண்ணிலும் படும்படி போகிறார். அவரைக் காவலாளி ஏன் பார்க்கவில்லை என்று சிரிக்கிறார்கள். படம் எடுத்தவர்கள்மேல் தப்பில்லை. அந்தக் காட்சிகளை ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக இருட்டாக்க வேண்டும். வசனத்தில் ‘இன்றிரவு’ என்று வருகிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா என்பதே போதுமான குறிப்பு.

படச் சட்டகத்தை அகலம் 1.37-க்கு உயரம் 1 என்ற அளவிலேயே விடுங்கள். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டினால் தொப்பியும் துப்பாக்கி உறையும் போய்விடும். வேகம் விநாடிக்கு 24 பிரேம். 25-க்கு ஓட்டினால் 58 நிமிடப் படம் 55 நிமிடம் 41 விநாடியில் முடிந்து, குரல்களும் கீச்சென்று ஏறும். வெட்டுப்பட்ட பிரதியா, வேகமாக ஓடும் பிரதியா என்று கண்டுபிடிக்கவும் முடியாமல் போகும். இதே காரணத்தால்தான் வசனத்தைத் தமிழில் எழுதிச் சேர்ப்பவர்கள் திண்டாடுகிறார்கள். ஒரு பிரதிக்கு நேரம் குறித்த வசனக் கோப்பு இன்னொரு பிரதியில் பத்தாவது நிமிடத்திலேயே விலகத் தொடங்குகிறது. சீராக விலகினால் வேகம் காரணம். ஓரிடத்தில் திடீரென்று தாவினால் அங்கே வெட்டு. நீங்கள் ஓடும் நேரத்தையும் பிரேம் வேகத்தையும் எழுதியிருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவைப்படாது.

உரிமை விஷயத்திலும் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியான படத்துக்கு 28-ம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காத படங்கள் பொதுச்சொத்தாயின. மறுவெளியீட்டுக்காரர்கள் மூலத் தலைப்பு அட்டையைக் கழற்றிவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டதால் ரோமன் எண்ணில் இருந்த ஆண்டும் நடிகர் பட்டியலும் சேர்ந்தே போயின. மூல அட்டை எந்தப் பிரதியில் கிடைத்தாலும் அதை முன்னால் வையுங்கள். பொதுச்சொத்தான படத்துக்குப் புதிய இசை சேர்த்தவர் அந்த இசைக்கு உரிமை கேட்கலாம், படத்துக்குக் கேட்க முடியாது. மூலக் கதையும் பாட்டும் தனி உரிமையில் இருக்கலாம் என்பதையும் வெளியிடுமுன் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், லோன் ஸ்டாரின் 16 படங்களோடு 1941, 42-ல் மோனோகிராம் வெளியிட்ட ‘ரஃப் ரைடர்ஸ்’ வரிசையின் எட்டுப் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்போம். பக் ஜோன்ஸ், டிம் மெக்காய், ரேமண்ட் ஹாட்டன் மூவரும் மார்ஷல்கள். ஊருக்குள் தனித்தனியே, வேறு வேறு வேடத்தில் நுழைவார்கள். முதல் படமான ‘அரிஸோனா பவுண்ட்’டில் மெக்காய் பாதிரியாராக வருகிறார். ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பார்வையாளருக்கு அவர்கள் கூட்டு தெரிவது ஒரு கண்ஜாடையிலும் அரை வாக்கியத்திலும்தான். வேலை முடிந்ததும் பக் அரிஸோனாவுக்கும், டிம் வயோமிங்குக்கும், சாண்டியாக வரும் ஹாட்டன் டெக்சஸுக்கும் பிரிந்து போவார்கள். 1942 நவம்பரில் பாஸ்டன் நகரத்து கோகோநட் குரோவ் தீ விபத்தில் காயப்பட்டு பக் ஜோன்ஸ் இறந்துபோனார். இந்த எட்டையும் ஒரே அளவுகோலில், காப்பகங்கள் தங்களிடமுள்ள பிரதிகளின் அடிக்கணக்கை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மிக நீளமான பிரதியை அடிப்படையாக வைத்துச் செய்ய முடியும். முதல் வேலையாக, உங்களிடம் இருக்கும் பிரதிகளின் நீளம், சுருளின் ஆண்டு, ஒட்டுகளின் எண்ணிக்கை மூன்றையும் பட்டியலில் சேர்த்து எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கௌபாய் படங்களின் தமிழ் ரசிகர்கள்